சாய்கோட்டுக்கு முன்னால் இருந்த பெயர்கள்

அக்கா மௌஸை அழுத்தும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு க்ளிக். பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கும். அக்கா கண்ணைச் சுருக்கிப் படிப்பார். "இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். திரும்பிப் போக இன்னொரு க்ளிக். மேசைமேல் இருக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஓர் எண்ணை எழுதுவார். மறுபடியும் க்ளிக்.

இதை ஒரு நிரல் செய்துவிடுமே என்று தோன்றியது. தோன்றிய வேகத்தில் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

"அக்கா, நீங்க இனிமே இதைப் பண்ண வேணாம். நான் பார்த்துக்கறேன்."

அந்த இரண்டு சொற்களை, "நான் பார்த்துக்கறேன்" என்றதை, இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. காஜா பேராங்கில் எங்கள் வரிசையிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவர். ஜாலான் பெண்டஹாரா சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி வெட்டிக் கொடுக்கும் வேலை. அவர் வீட்டில் கணினி இல்லை. எங்கள் வீட்டில் நான் படிக்கிறேன் என்பதற்காக ஒன்று வாங்கியிருந்தோம். கடை மூடியதும் பையில் கிழங்கு வைத்துப் பொரித்த நாலு கறிபாப்போடு வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடிவிட்டுப் போவார். தேடியது தன் அம்மாவின் பிறப்பை.

அவருடைய அம்மா இந்த மண்ணில்தான் பிறந்தவர். மெர்டேக்காவுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில். நாடு சுதந்திரம் வாங்கிய சமயம் தோட்டத்துக்குக் குடியுரிமைக்குப் பெயர் பதிய ஆள் வந்ததாம். வந்தபோது இவருக்குப் பிறப்புச் சூராட், அந்தப் பிறப்புப் பத்திரம், இல்லை. லயத்து வீடு மாறி வரும்போது எங்கோ போய்விட்டது. "அடுத்த தடவை வருவாங்க, அப்பப் பார்த்துக்கலாம்," என்று அப்பாக்காரர் சொல்லியிருக்கிறார். அடுத்த தடவை வரவில்லை. அன்றிலிருந்து அந்த அம்மாவிடம் இருப்பது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் அடையாள அட்டை. இங்கேயே பிறந்து, இங்கேயே பால் மரம் சீவி, இங்கேயே பிள்ளை பெற்றவர், தாளில் மட்டும் வந்து தங்கியிருக்கும் ஆள். குடிமக்களுக்கு உள்ள நீல ஐசிக்கு மனு போட்டிருந்தார்கள். நேர்காணலுக்குத் தேதி வந்திருந்தது. "இங்கே பிறந்தேன்னு காட்ட ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் கடைக்குத் துணி எடுக்க வந்த யாரோ அந்த இணையப் பக்கத்தைப் பற்றி அக்காவிடம் சொன்னார்கள். தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி ஒருவர், மூடிப்போன தோட்டங்களின் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைக் குப்பைக்குப் போகாமல் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றாகப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார். ஒரே ஒரு நீளமான பக்கம். தோட்டத்தின் பெயர், அதன் கீழே, தோட்டத்துக்குத் தோட்டம் தொடர்ந்து ஓடும் வரிசை எண்கள். எண்ணை அழுத்தினால் ஒரு குழந்தையின் பக்கம் திறக்கும்: மேலே தட்டச்சு செய்த விவரம், கீழே பதிவேட்டின் படம். தேடும் வசதி கிடையாது. பக்கத்தின் தலையில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு: இந்த மாதக் கடைசியோடு இந்தத் தளம் மூடப்படும்.

அக்காவுக்கு அம்மா பிறந்த தோட்டம் எதுவென்று உறுதியாகத் தெரியாது. மூன்று பெயர் சொன்னார். மூன்றும் பட்டியலில் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் இருந்தன, எது எதுவென்று பிடிபடவில்லை. ஆகவே ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. நிரல் எழுதுவது என்பது எனக்குப் புதிதாகக் கிடைத்த மோட்டார் சைக்கிள் மாதிரி. எதற்கெடுத்தாலும் அதில் ஏறிப் போகவேண்டும். திட்டம் எளிது. அந்தப் பட்டியல் பக்கத்தில் இருக்கும் இணைப்புகளை எல்லாம் நிரல் உருவி எடுக்கும். ஒவ்வொரு முகவரியாகப் போய்ப் பக்கத்தை இறக்கி என் கணினியில் சேமிக்கும். பிறகு சேமித்ததில் அம்மாவின் பெயரைத் தேடினால் முடிந்தது.

மறுநாள் வகுப்பு இடைவேளையில் என் சிநேகிதியிடம் இதைச் சொன்னேன். அவளும் எங்கள் பக்கம்தான், செட்டி கம்பத்துப் பெண்; பல தலைமுறைக்கு முன்பே மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட தமிழ் வம்சம். கோயிலில் எங்களை விடச் சுத்தமாகச் சாமி கும்பிடுவாள். தமிழ் பேச வராது. நாங்கள் பேசிக்கொள்வது மலாயில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"இணைப்பு எடுக்கத்தான் லைப்ரரி இருக்கே. அதைப் போடு லா," என்றாள்.

லைப்ரரி என்று நாங்கள் சொல்வது, யாரோ எழுதி, ஆயிரம் பேர் பயன்படுத்தி, அடி வாங்கி, பிழை திருத்தி எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் நிரல் தொகுப்பை.

"முப்பது வரியில முடியற வேலைக்கு யாரோ கட்டின மூட்டையை நான் எதுக்குத் தூக்கணும்? நானே எழுதுவேன்."

"உனக்கு என்ன வேணும்? அந்த அம்மா பேர் வேணுமா, நீயே எழுதினேன்னு சொல்லிக்கணுமா?"

"ரெண்டும்தான்!"

"ஓ, மகாராணி." அவள் உறிஞ்சுகுழலால் என் கையில் தட்டினாள். "உங்க அம்மா மிளகாயைக் கையால இடிக்கிறாங்களா, மில்லுல குடுக்கிறாங்களா?"

"மில்லுல."

"ஏன்?"

"ஏன்னா... இடிச்சா கை எரியும்."

"அவ்வளவுதான் நான் சொல்றது."

"போடி, நீ கடைச் சம்பால்ல சமைக்கிற ஆளு," என்றேன். அவள் வீட்டில் அரைக்கும் மிளகாய்ச் சம்பாலைப் பற்றி அப்படிச் சொல்வது செட்டி வீட்டுப் பெண்ணுக்குச் செய்யக்கூடிய உச்ச அவமானம். அவள் சிரித்துக்கொண்டே ஒரு வாரம் பேசமாட்டேன் என்றாள். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சில் நான் வென்றதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியமே எழுதி முடித்தேன். இணைப்பின் முகவரி இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவில் வரும். அதை வெட்டி எடு. முகவரியில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் கோப்பின் பெயர். அந்தப் பெயரில் சேமி. அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், ஒரே பக்கத்துக்கு இரண்டு இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம், அதை விட்டுவிடு. இந்தக் கடைசி வரியில் எனக்கு ரொம்பப் பெருமை. எவ்வளவு முன்யோசனை பார் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பட்டியலின் முதல் தோட்டத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். கோப்புப் பெயர்கள் எண்களாக இருந்தன. எல்லாம் வந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. சோதித்தாயிற்று என்று முடிவு கட்டினேன். சோதனை என்றால் அதுதான் என்று நினைத்தேன்: தனக்குச் சாதகமான ஓர் இடத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது.

முழுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி கலந்து எடுத்துவந்தேன். திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. 'சேமித்தேன். சேமித்தேன். ஏற்கெனவே உள்ளது, விடுகிறேன். ஏற்கெனவே உள்ளது, விடுகிறேன்.' நிறையவே விட்டது. கிராணிக்கு வயதாகிவிட்டது, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார் பாவம் என்று நினைத்தேன். அவருடைய அசட்டையை என் நிரல் சரிக்கட்டுகிறதாம்.

முடிந்ததும் அந்த அம்மாவின் பெயரைத் தேடினேன். இல்லை. எழுத்தை மாற்றிப் போட்டுத் தேடினேன். அவருடைய அப்பா பெயரைப் போட்டுத் தேடினேன். நாலைந்து பக்கம் வந்தது, யார் யாரோ. தோட்டத்தில் தடுக்கி விழுந்தால் அந்தப் பெயர்க்காரர் யார் மேலாவதுதான் விழவேண்டும், அவ்வளவு பொதுவான பெயர். நாலைந்துதானா என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அக்கா வழக்கம்போல் கறிபாப்போடு வந்தார்.

"இல்லக்கா. எல்லாத்தையும் பார்த்துட்டேன். ஒண்ணு விடாம."

"எல்லாத்தையுமா? ஒரே நாள்லயா?"

"ஒரே மதியத்துலக்கா."

அக்கா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் நான் பார்க்கட்டுமா பாப்பா? மாசக் கடைசிக்கு நாள் இருக்கே."

"வீணா கண்ணைக் கெடுத்துக்காதீங்க. கம்ப்யூட்டர் பார்த்து இல்லைன்னா இல்லைதான்."

"படிச்ச பிள்ளை சொன்னா சரிதான்," என்றார். நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கறிபாப்பை எடுத்துப் போகவில்லை. நான் இரண்டு தின்றேன்.

மாதம் முடிந்தது, தளம் மூடியது. நேர்காணல் நடந்தது. கையில் எந்த ஆதாரமும் இல்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார். அங்கே இருந்த அதிகாரி கோபமாகப் பேசவில்லையாம். "ஏதாவது கிடைத்தால் கொண்டு வாருங்கள், கோப்பைத் திறந்தே வைக்கிறோம்," என்றாராம். நான் கேட்டுவிட்டு, "பாவம்," என்றேன். பாவம் என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது.

பிறகு சிநேகிதிக்கு வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒழுங்கில்லாத இணையப் பக்கம் ஒன்றை எடுத்து, அதிலிருந்து இணைப்புகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். "உன்கிட்ட அந்தக் கிராணியோட பக்கம் இருக்கா?" என்றாள். பட்டியல் பக்கத்தை மட்டும் முழுசாகச் சேமித்து வைத்திருந்தேன். பெருந்தன்மையோடு கொடுத்தேன். என் முப்பது வரி என்ன செய்தது என்று அவளும் பார்க்கட்டுமே.

அவள் லைப்ரரியை வைத்து ஓட்டினாள். கணினிக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம்.

"நீ எத்தனை பக்கம் எடுத்தே?"

சொன்னேன்.

"எனக்கு அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல வருதே."

"அதெல்லாம் ஒரே பக்கம் திரும்ப வர்றது. நான் கழிச்சுட்டேன்."

"இல்லையே. எல்லாம் வேற வேற முகவரி. பாரு."

பார்த்தேன். இரண்டாவது தோட்டத்திலிருந்து கிராணி எண்களை விட்டுவிட்டு ஆட்களின் முழுப் பெயரையே கோப்புப் பெயராக வைத்திருந்தார். கிராணி அல்லவா, பெயரை அரைகுறையாக எழுதுவாரா? எங்கள் ஐசியில் எப்படி இருக்குமோ அப்படியே: முதலில் பிள்ளையின் பெயர், பிறகு மகள் என்பதற்கு அனாக் பெரம்புவான், மகன் என்பதற்கு அனாக் லெலாக்கி, அதைச் சுருக்கி ஏ/பி, ஏ/எல், அதன்பிறகு அப்பா பெயர். நடுவில் அந்தச் சாய்கோடு.

கணினிக்குச் சாய்கோடு என்றால் கோப்புறைக்குள் போகும் வாசல். கிராணி முழுப் பெயரைத் தட்டியதும், சாய்கோட்டுக்கு முன்னால் இருந்த பிள்ளையின் பெயர் ஒரு கோப்புறை ஆகிவிட்டது. பின்னால் இருந்த அப்பாவின் பெயர் அதற்குள் இருக்கும் கோப்பு ஆகிவிட்டது. உலவியில் அழுத்தினால் சரியாகவே திறந்தது. அக்கா அழுத்திய ஒவ்வொன்றும் திறந்தது. என் நிரல்தான் கடைசிச் சாய்கோட்டுக்கு முன்னால் இருந்ததை எல்லாம் வெட்டி எறிந்தது. பிள்ளையின் பெயர் போயிற்று, அப்பாவின் பெயர் மட்டும் நின்றது. ஒரே அப்பா பெயர் உள்ள மகள்கள் எத்தனை தோட்டத்தில் எத்தனை பேர் பிறந்திருந்தாலும் என் நிரலுக்கு ஒரே ஆள். முதலில் வந்தவளை வைத்துக்கொண்டது. மற்றவர்களைப் பார்த்து, 'ஏற்கெனவே உள்ளது, விடுகிறேன்' என்றது. மகன்களுக்கும் அதே கதி.

நான் அந்தச் சாய்கோட்டோடு பிறந்தவள். என் ஐசியில் இருக்கிறது, பாலிடெக்னிக் அட்டையில் இருக்கிறது, பள்ளிப் பரீட்சைத் தாளில் வருஷா வருஷம் எழுதியிருக்கிறேன். ஊரில் யாருக்குத் தெரியாமல் போனாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே அப்பா பெயருக்கு முன்னால் எனக்குக் கூடப் பிறந்த அக்கா ஒருத்தியும் இருக்கிறாள். நாங்கள் இருவரும் ஒரே ஆளா?

சிநேகிதி திரையை என் பக்கம் திருப்பி வைத்தாள். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவள் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன்.

"உன் லைப்ரரிக்கு மட்டும் ஏ/பி தெரியுமா?" என்றேன்.

"தெரியாது. அதனாலதான் அது ஊகிக்கல. முகவரியை முழுசா எடுத்து முழுசாவே வெச்சிருக்கு. நீதான் இது இப்படித்தான் இருக்கும்னு நெனச்சே."

அவளுடைய பட்டியலில் அந்த அம்மாவின் பெயரைத் தேடினேன். இருந்தது. எண், பெயர், சாய்கோடு, அப்பா பெயர். அக்கா சொன்ன மூன்று தோட்டங்களில் இரண்டாவது. அழுத்தினேன். பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது. இணைப்பு இருக்கிறது, அது போய்ச் சேரும் இடம் இல்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இதைக் கண்டுபிடிக்க லைப்ரரிகூட வேண்டியதில்லை. பட்டியல் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மூல எழுத்தைத் திறந்து, அந்தப் பெயரைத் தட்டித் தேடியிருந்தாலே போதும்; முகவரியிலேயே பெயர் இருந்தது. தளம் மூடுவதற்கு முன்னால், ஒரே நிமிடத்தில். எனக்குத் தோன்றவில்லை. தேடுவதைவிட எழுதுவதில்தான் எனக்கு ஆசை இருந்தது.

மூன்று நாள் அக்கா வீட்டு வாசலைத் தவிர்த்துப் பின் சந்து வழியாகப் பஸ்ஸுக்குப் போனேன். நாலாவது நாள் போய்ச் சொன்னேன். அக்கா அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடியே கேட்டார். உள் அறையில் அவருடைய அம்மா வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். என் குரல் தானாகவே இறங்கியது.

சாய்கோடு, கோப்புறை என்றெல்லாம் ஆரம்பித்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சுக்கா."

"எத்தனாம் நம்பர்?"

சொன்னேன். அவர் உள்ளே போய் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கடைசியாக எழுதிய எண்ணின் மேல் விரலை வைத்தார். அங்கிருந்து அம்மாவின் எண்ணுக்கு முப்பத்தாறு. ஒரு மணி நேரத்தில் அவர் நாற்பதுக்கு மேல் பார்ப்பார். நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து அவரை நிறுத்தாமல் இருந்திருந்தால், அடுத்த கறிபாப்புக்குள் கிடைத்திருக்கும்.

"நீ இல்லைன்னு சொன்ன அன்னைக்கு அம்மாகிட்ட வந்து சொன்னேன்," என்றார் அக்கா. "என்ன சொன்னாங்க தெரியுமா? 'அப்ப நான் பொறக்கவே இல்லையாடி'ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அப்புறம் அன்னைக்குச் சாப்பிடல."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து, "யாருடி அது?" என்று குரல் வந்தது.

"கம்ப்யூட்டர் பிள்ளைம்மா."

"தேத்தண்ணி குடுத்தியா?"

அந்தத் தேத்தண்ணியைக் குடிக்காமல் வரமுடியவில்லை.

வீட்டுக்கு வந்து, முதல்முறையாக, அந்தப் பட்டியல் பக்கத்தை ஒரு பக்கமாகப் படித்தேன். நிரலுக்குத் தீனியாக இல்லை. மேலிருந்து, ஒவ்வொரு தோட்டத்தின் பெயராக. எல்லா எண்களும் முடிந்து, வெற்றிடம் வந்து, அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. பதிவேடுகளின் மூலப் பிரதிகள் என்னிடம் உள்ளன; பார்க்க விரும்புவோர் கிளேபாங்கில் உள்ள என் வீட்டுக்கு ஞாயிறு காலையில் வரலாம். அடியில் வீட்டு எண்ணும் சாலையும்.

அதில் இணைப்பு எதுவும் இல்லை. என் முப்பது வரிக்கும் அது தெரிந்திருக்காது, சிநேகிதியின் லைப்ரரிக்கும் தெரிந்திருக்காது. படித்திருந்தால் மட்டும்தான் தெரிந்திருக்கும். அக்காவுக்கு ஆங்கிலம் வராது. அவர் அடிவரை வந்ததும் இல்லை. எனக்கு வரும். கிளேபாங் இங்கிருந்து மோட்டாரில் கால் மணி நேரம். கடற்கரையில் தேங்காய் ஐஸ் குடிக்க எத்தனை தடவை போயிருக்கிறேன்.

மறுபடியும் அக்கா வீட்டுக்கு ஓடினேன். இந்த முறை முன்வாசல் வழியாக.

"பதிவேடு இன்னும் அவர்கிட்ட இருக்குமா?" என்றார் அக்கா.

'இருக்கும்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "தெரியலக்கா," என்றேன். "போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

அக்கா நோட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். "ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு. பக்கத்தை நான் புரட்டறேன். நீ கூட இருந்து அந்த இங்கிலீஷை மட்டும் படிச்சுச் சொல்லு. போதும்."

சரி என்றேன்.

அம்மாவின் எண், தோட்டத்தின் பெயர், முழுப் பெயர் மூன்றையும் அவருடைய நோட்டுப் புத்தகத்தில், அந்தக் கடைசி எண்ணுக்குக் கீழே, என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிநேகிதியிடம் போய்ச் சம்பாலைப் பற்றிச் சொன்னதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டு, என் நிரல் விட்டுவிட்ட மற்ற எல்லோருடைய பெயரையும் அவளுடைய பட்டியலிலிருந்து அச்செடுத்து வைத்திருக்கிறேன். கத்தையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதையும் கிளேபாங்குக்கு எடுத்துப் போகிறேன். கிராணி கதவைத் திறந்தால், முதலில் அந்த அம்மாவின் பக்கம். அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவர் அனுமதித்தால், அடுத்த ஞாயிறுகளில் கத்தையின் முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிப் படியெடுக்க.